மாடு நீலமாக இருந்தால் என்ன?

இரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி. பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருகிறாள். கையில் ஒரு தாள். அதில் ஒரு மாடு. மாட்டுக்கு நீல நிறம்.

"அம்மா, இது நான் போட்ட படம்!"

அம்மா பார்க்கிறாள். சிரிக்கிறாள். "எங்கேயாவது மாடு நீலமாக இருக்குமாடி?" என்கிறாள்.

அப்பாவும் எட்டிப் பார்க்கிறார். "படம் போட்டது போதும். வாய்ப்பாட்டை எடு" என்கிறார்.

சிறுமி தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். அடுத்த வாரமும் அவள் படம் போடுவாள். ஆனால் வீட்டில் காட்டுவாளா?

அம்மாவும் அப்பாவும் கெட்டவர்கள் இல்லை. பிள்ளை படித்து முன்னேற வேண்டும் என்ற ஆசைதான் அவர்களுக்கு. ஆனால் "ஏன் நீலம்?" என்று அன்பாக ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு கதை வந்திருக்கும். அது இருட்டில் நின்ற மாடாக இருக்கலாம். பெட்டியில் நீலக் கிரேயான் மட்டும் மிஞ்சியிருக்கலாம். நீலம் பிடிக்கும் என்பதால் மட்டுமே பூசியிருக்கலாம். மூன்றும் நல்ல காரணங்களே.

குழந்தை கண்ணால் பார்ப்பதை மட்டும் வரைவதில்லை. தனக்குத் தெரிந்ததையும், மனத்தில் பெரிதாகத் தோன்றுவதையும் வரைகிறது.

இரண்டு வயதில் வெறும் கிறுக்கல். நான்கு வயதில் ஒரு வட்டம் போடும். வட்டத்திலிருந்தே இரண்டு கால் முளைக்கும். அதுதான் மனிதன்! ஆறு, ஏழு வயதில் தாளின் அடியில் ஒரு கோடு இழுக்கும். அது தரை. மேலே நீலமாக ஒரு பட்டை. அது வானம். நடுவில் வெள்ளையாக விட்டுவிடும். பெரியவர்களுக்கு அது தவறாகத் தெரியும். குழந்தையின் கணக்கு வேறு. வானம் மேலே இருக்கிறது. தரை கீழே இருக்கிறது. நடுவில் இருப்பது காற்று. காற்றுக்கு ஏது நிறம்?

வீட்டை வரைந்தால் சுவருக்கு உள்ளே இருக்கும் அடுப்பும் தெரியும். அம்மாவை வரைந்தால் வீட்டை விட உயரமாக இருப்பாள்.

ஒன்பது, பத்து வயதில் இது மாறும். "நான் வரைந்தது நிஜம் மாதிரி இல்லையே" என்று குழந்தையே வருத்தப்படும். பலர் படம் போடுவதை நிறுத்துவது இந்த வயதில்தான். அதற்கு முன்பே கேலியும் கேட்டிருந்தால், கை அதோடு நின்றுவிடும்.

பல வகுப்புகளில் என்ன நடக்கிறது? ஆசிரியர் கரும்பலகையில் ஒரு மாம்பழம் போடுவார். நாற்பது பிள்ளைகளும் அதைப் பார்த்து வரைவார்கள். எல்லாருக்கும் ஒரே மஞ்சள். நாற்பது மாம்பழமும் ஒன்று போல இருக்கும். இதில் கைக்குப் பழக்கம் உண்டு. ஆனால் பிள்ளையின் சொந்த எண்ணம் ஒன்றும் அதில் இல்லை. மாம்பழத்தைக் கையில் கொடுத்து, முகர்ந்து பார்க்கச் சொல்லி, பிறகு வரையச் சொன்னால் கதையே வேறு. காம்பு அருகே பச்சை, ஒரு பக்கம் சிவப்பு, நடுவில் கறுப்புப் புள்ளி. ஒரே பழத்தில் எத்தனை நிறம்!

இப்படிச் சொல்லிக் கொடுக்க முடியுமா? முடியும் என்று காட்டிய இடம் ஒன்று உண்டு. மகாராஷ்டிராவில் வார்தா அருகே உள்ள சேவாகிராமம். காந்தியடிகள் 1936 இல் குடியேறிய கிராமம். கையால் வேலை செய்து கற்கும் ஆதாரக் கல்வி அங்கே நடந்தது. 1944 இல் தேவி பிரசாத் என்ற ஓவியர் ஆசிரியராக வந்து சேர்ந்தார். குழந்தையின் படம் குழந்தையுடையதாகவே இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

தேவி பிரசாத், வங்காளத்தில் சாந்திநிகேதனில் படித்தவர். அங்கே ஓவியம் கற்றுக் கொடுத்தவர் நந்தலால் போஸ். 1938 இல் குஜராத்தில் ஹரிபுரா என்ற ஊரில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. காந்தியடிகள் கேட்டுக்கொண்டபடி நந்தலால் அதற்குப் படங்கள் வரைந்தார். உழைக்கும் கிராம மக்களின் படங்கள். பூசிய நிறங்களில் பல, மண்ணிலிருந்து எடுத்தவை.

அந்த நிறங்களை நீங்களும் செய்யலாம். கிரேயான் பெட்டி வாங்கப் பணம் இல்லாவிட்டாலும் கவலை இல்லை.

செம்மண்ணை நீரில் கரையுங்கள். துணியில் வடிகட்டுங்கள். வடிந்த நீரை அசையாமல் வைத்தால் நைசான மண் அடியில் படியும். மேல் நீரைக் கொட்டிவிட்டு, படிந்ததைக் காயவைத்துப் பொடி செய்யுங்கள். வேலம்பிசினை இரவு முழுவதும் ஊறவைத்து அதோடு குழைத்தால் சிவப்பு வண்ணம் தயார். பிசின் சேர்க்காவிட்டால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். கறுப்புக்கு அடுப்புக்கரி. மஞ்சளுக்கு மஞ்சள் தூள். ஆனால் மஞ்சள் தூளின் நிறம் வெயிலில் வெளுத்துப் போகும்.

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். ஆரத்தி கரைப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடியும் மஞ்சளாகும்! செய்து காட்டினால் பிள்ளைகள் கண்ணை எடுக்க மாட்டார்கள். சுண்ணாம்பை மட்டும் பெரியவர்களே கலக்க வேண்டும். கண்ணில் பட்டால் ஆபத்து.

வேப்பங்குச்சியின் நுனியை மென்றால் அதுவே தூரிகை. பழைய செய்தித்தாளும் திண்ணைச் சுவரும் போதும்.

கடை வண்ணம் இருந்தால் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றை மட்டும் கொடுத்துப் பாருங்கள். மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளையே கலந்து கண்டுபிடிக்கட்டும்.

ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை பெரும்பாலும் வகுப்பு ஆசிரியரே ஓவியமும் சொல்லித் தருகிறார். பாடம் முடியவில்லை என்றால் முதலில் போவது ஓவிய வகுப்புதான். 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். "ஓவிய வகுப்பு நடக்கிறதா?" என்று அந்தக் கூட்டத்தில் நீங்கள் கேட்கலாம்.

வீட்டில் செய்ய ஒரு சின்ன வேலை. பிள்ளை படம் கொண்டு வந்தால், "இதில் என்ன நடக்கிறது?" என்று கேளுங்கள். சொல்வதைக் கேட்டு, தாளின் பின்பக்கம் நீங்களே எழுதுங்கள். பிள்ளையின் பெயர், தேதி, அது சொன்ன ஒரு வரி. எழுதிய தாள்களை ஒரு பையில் சேர்த்து வையுங்கள். ஒரு வருடம் கழித்து வரிசையாகத் தரையில் பரப்புங்கள். முன்பக்கம் பிள்ளையின் கை வளர்ந்திருக்கும். பின்பக்கம் உங்கள் எழுத்தும் வளர்ந்திருக்கும்.