காலியான அலமாரியும் கத்தும் ஒலிபெருக்கியும்

மாணவர்களே, உங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் இதைக் கேட்டிருப்பீர்கள். பேச வந்தவர் மைக்கைக் கையில் பிடித்தபடி ஒலிபெருக்கியின் அருகே போய்விடுகிறார். உடனே காதைத் துளைக்கும் ஒரு கூச்சல்! அவரோ இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. அப்படியானால் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது?

மேடையில் எழுந்த ஏதோ ஒரு சிற்றொலி மைக்கில் நுழைந்தது. பெருக்கி அதைப் பெரிதாக்கி ஒலிபெருக்கி வழியே வெளியே அனுப்பியது. அந்தப் பெரிய ஒலி மறுபடியும் மைக்கில் நுழைந்து, இன்னும் பெரிதாகியது. இப்படி விளைவே காரணமாகித் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் சுழற்சிக்கு 'நேர்ப் பின்னூட்டம்' என்று பெயர். மின்சுற்றில் மட்டுமல்ல, மளிகைக்கடையிலும் இது நடக்கும். 2020-ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது உலகின் பல நாடுகளில் நடந்தது. அப்போது நீங்கள் சிறு பிள்ளைகள். கடையில் பொருள் இல்லை என்று வீட்டில் பேசிக்கொண்டது சிலருக்கு நினைவிருக்கலாம்.

அந்தப் பொருள்கள் எங்கே போயின? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் ஊரில் 200 குடும்பங்கள், ஒரே மளிகைக்கடை. ஒவ்வொரு குடும்பமும் வாரம் 2 கிலோ சர்க்கரை வாங்குகிறது. ஆகவே வாரத் தேவை 400 கிலோ. கடைக்காரர் வாரந்தோறும் 450 கிலோ இருப்பு வைக்கிறார். யாருக்கும் குறையில்லை.

ஒருநாள் 'கடையை மூடப்போகிறார்கள்' என்று பேச்சு எழுகிறது. 50 குடும்பங்கள் மட்டும் முந்திக்கொண்டு 4 கிலோ வீதம் வாங்குகின்றன. 200 கிலோ தீர்ந்தது. மீதி 250 கிலோ 125 குடும்பங்களுக்குப் போதும். கடைசி 25 குடும்பங்களுக்குச் சர்க்கரை இல்லை.

இப்போது அவர்கள் வெறும் பையோடு தெருவில் நடந்து வருவதைப் பலரும் பார்க்கிறார்கள். வெறும் பேச்சாக இருந்தது 'கண்ணால் கண்ட உண்மை' ஆகிவிடுகிறது! அடுத்த வாரம் 100 குடும்பங்கள் 4 கிலோ வீதம் கேட்டு முன்னால் வந்து நிற்கின்றன. 400 கிலோ அதிலேயே தீர்ந்துவிடும். மீதி 50 கிலோ 25 குடும்பங்களுக்கே வரும். வெறுங்கையோடு திரும்புபவை 75 குடும்பங்கள்.

கவனியுங்கள். ஊரில் யாரும் கூடுதலாக ஒரு கரண்டி சர்க்கரை தின்னவில்லை. கடைக்கு வரும் மூட்டையும் குறையவில்லை. சர்க்கரை ஊரில்தான் இருக்கிறது. கடையிலிருந்து சில வீட்டு டப்பாக்களுக்கு இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். 'தட்டுப்பாடு வரும்' என்ற அச்சமே தட்டுப்பாட்டை உண்டாக்கிவிட்டது.

அந்த 75 குடும்பங்கள் யாராக இருப்பார்கள்? காலையிலேயே கையில் பணமுள்ளவர் முந்திக்கொள்வார். அன்றாடக் கூலியை மாலையில் வாங்கிக்கொண்டு வருபவர் கடைசியில்தான் வருவார். ஒரு மாதச் சாமானைச் சேர்த்து வாங்க அவரிடம் பணமும் இல்லை. அச்சப்பட்டவர் ஒருவர், அதன் விலையைக் கொடுப்பவர் வேறொருவர்.

இந்தச் சுழற்சிக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. அச்சப்பட்ட ஒரு வீடு சராசரியாக ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளை அச்சப்படுத்தினால் பீதி வளரும். ஒன்றுக்குக் குறைந்தால் தானே அடங்கிவிடும். தொற்றுநோய்க்கும் இதே கணக்குத்தான்! ஒரு நோயாளி சராசரியாக ஒருவருக்கு மேல் தொற்றைக் கொடுத்தால் நோய் பரவும், குறைந்தால் தணியும்.

இவ்விரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால் என்ன ஆகும்? 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள்களுக்குச் சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் முழு ஊரடங்கு என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. முதல்நாளான 25-ஆம் தேதி கடைகளிலும் சந்தைகளிலும் மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். விலகி நிற்கவேண்டிய நாளில் தோளோடு தோள் உரச நின்றார்கள்! அடுத்த சில நாள்களில் கோயம்பேடு சந்தையோடு தொடர்புடைய தொற்றுகள் பல மாவட்டங்களில் தெரியவந்தன. மே 5 அன்று அந்தச் சந்தை மூடப்பட்டது. அந்த ஒரு நாள் கூட்டம்தான் இதற்கெல்லாம் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அச்சத்தால் கூடும் கூட்டம் நோய்க்கு வழி திறந்துவிடும் என்பதில் ஐயமில்லை.

எல்லாத் தட்டுப்பாடும் பீதியால் வருவதல்ல என்பதையும் சொல்லவேண்டும். முகக்கவசத்தின் பயன்பாடே அப்போது பன்மடங்கு கூடியது. அதனால் மத்திய அரசு 2020 மார்ச் 13 அன்று முகக்கவசத்தையும் கைகழுவும் சானிடைசரையும் அத்தியாவசியப் பொருள்களாக அறிவித்தது. 200 மில்லி சானிடைசரின் விலை 100 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்றும் பின்னர் வரம்பு கட்டியது. சானிடைசர் கிடைக்காதவர்கள் கலங்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பு உறை ஒன்று உண்டு. வீட்டிலுள்ள சாதாரணச் சோப்பே அதைச் சிதைத்துவிடும்.

சரி, ஒலிபெருக்கியின் கூச்சலை எப்படி நிறுத்துகிறோம்? மைக்கைத் தள்ளி வைக்கிறோம். அல்லது பெருக்கியின் திருகைக் குறைக்கிறோம். கடையிலும் அப்படியே. உறுதிப்படாத செய்தியைப் பிறருக்கு அனுப்பாமல் இருப்பது மைக்கைத் தள்ளி வைப்பதற்குச் சமம். ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளவு வைப்பது திருகைக் குறைப்பதற்குச் சமம். 2020 ஏப்ரலில் நம் நியாயவிலைக் கடைகளில், வரவேண்டிய நாளும் நேரமும் குறித்த டோக்கன்களை வீட்டுக்கே கொடுத்ததும் இத்தகைய ஏற்பாடுதான். தன் பங்கு காத்திருக்கிறது என்று தெரிந்தவர் முண்டியடிக்கமாட்டார் அல்லவா?

வீட்டில் ஓரிரு வாரச் சாமான் இருப்பு வைப்பது தவறே அல்ல. அதை அமைதியான காலத்தில் சிறிது சிறிதாகச் சேர்த்தால் யாருக்கும் இடரில்லை. எல்லோரும் ஒரே நாளில் ஓடும்போதுதான் அலமாரி காலியாகிறது.

இறுதியாக உங்களுக்கு ஒரு கணக்கு. நம் கடைக்காரர் முதல் வாரமே 'வீட்டுக்கு 2 கிலோ' என்று பலகையில் எழுதி வைத்திருந்தால், கடைசியாக வரும் குடும்பத்துக்குச் சர்க்கரை கிடைத்திருக்குமா? எவ்வளவு மிஞ்சியிருக்கும்? விடையைக் கண்டபின் அதை வீட்டுப் பெரியவர்களுக்கும் விளக்குங்கள்.