அகன்ற பாதையில் ஆமை வேகம்!

சேலத்திற்குத் தெற்கே, ஜருகுமலையின் அடிவாரத்தில் பனமரத்துப்பட்டி ஏரி இருக்கிறது. சேலம் நகருக்குக் குடிநீர் தருவதற்காக 1911-ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட ஏரி இது. இவ்வளவு பெரிய ஏரி நிரம்பியே இருந்தாலும், ஒரு வீட்டுக்கு அரை அங்குலக் குழாய்தான் போட்டிருக்கிறது என்றால், அந்த வீட்டுக் குடம் நிறையும் நேரத்தை முடிவு செய்வது எது? ஏரியா, குழாயா?

குழாய்தான் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். ஆனால் இதே கேள்வியைக் கணிப்பொறியைப் பற்றிக் கேட்டால் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். வீட்டில் ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொன்றுக்குப் படங்களை நகலெடுக்கிறார்கள். நேரம் ஆகிறது. உடனே மாதக் கட்டணம் கூடுதலான இணையத் திட்டத்துக்கு மாறிவிடுகிறார்கள். வீட்டுக்குள்ளேயே நடக்கும் இந்தப் பரிமாற்றத்துக்கும் வெளியிலிருந்து வரும் இணைப்புக்கும் தொடர்பே இல்லை! பணம் போகிறது, வேகம் அப்படியே நிற்கிறது. பள்ளியில் படித்த இயற்பியலைக் கொண்டே இந்தச் சிக்கலை நீங்கள் அவிழ்க்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

எட்டால் வகுத்தீர்களா?

முதலில் அலகைக் கவனியுங்கள். இணைப்பின் வேகத்தை 'பிட்' கணக்கில் சொல்வார்கள். கோப்பின் அளவைக் கணிப்பொறி 'பைட்' கணக்கில் காட்டும். ஒரு பைட் என்பது 8 பிட். ஆகவே நொடிக்கு 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட், 1000 மெகாபிட் என்பது 125 மெகாபைட். கோப்புடன் முகவரி முதலிய செய்திகளும் சேர்ந்து செல்வதால் நடைமுறையில் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 11 மெகாபைட் வந்தால் பழுது ஒன்றுமில்லை. கணக்கு சரியாகவே இருக்கிறது.

எட்டுக் கம்பிகளின் கதை

இணைப்பு 1000 மெகாபிட். ஆனால் கிடைப்பது அதே 11 மெகாபைட். இப்போது என்ன சொல்வீர்கள்? 11 என்ற எண்ணே துப்புக் கொடுக்கிறது. எங்கோ ஓரிடத்தில் பாதை 100 மெகாபிட்டாகச் சுருங்கியிருக்கிறது.

ரூட்டரையும் கணிப்பொறியையும் இணைக்கும் வடத்துக்குள் எட்டுச் செப்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக இருக்கின்றன. 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு இணைகள் போதும். செப்புக் கம்பியில் 1000 மெகாபிட் அனுப்பும் முறை 1999-இல் தரப்படுத்தப்பட்டது. அதற்கு நான்கு இணைகளும் வேண்டும். கதவிடுக்கில் நசுங்கியோ எலி கடித்தோ ஒரே ஒரு கம்பி அறுந்தாலும், பல கருவிகள் தாமாகவே 100-க்கு இறங்கி வேலையைத் தொடரும். இணைப்பு அறுபடாததால் யாருக்கும் சந்தேகம் வராது. கணிப்பொறியின் அமைப்புகளில் 'இணைப்பு வேகம்' எவ்வளவு என்று பாருங்கள். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 இருந்தால் வேறொரு வடத்தை மாட்டிப் பாருங்கள்.

காற்றில் ஒருவர்தான் பேசலாம்

வைஃபையில் செய்தியைச் சுமப்பது மின்காந்த அலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு அலைநீளம் 12.5 சென்டிமீட்டர்; 5 கிகாஹெர்ட்ஸுக்கு 6 சென்டிமீட்டர். முதல் வகை சுவரைத் தாண்டிச் சற்று அதிகத் தொலைவு செல்லும். இரண்டாம் வகை அருகில் இருந்தால் வேகமாக இயங்கும். இரும்பு பீரோ இரண்டையுமே திருப்பி அனுப்பிவிடும். நுண்ணலை அடுப்பும் ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. அது ஓடும்போது முதல் வகைக்கு இடைஞ்சல்தான்.

ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். இரு கணிப்பொறிகளும் ஒரே அலைவரிசையில் இருந்தால், கோப்பு முதலில் ரூட்டருக்குப் போகிறது. பிறகு அங்கிருந்து மற்றக் கணிப்பொறிக்குப் போகிறது. ஒரே சுமை காற்றில் இரண்டு முறை பயணம் செய்வதால் வேகம் பாதியாகிவிடுகிறது. ஒன்றையாவது வடத்தில் இணைத்தால் இந்த இழப்பு இல்லை.

குற்றவாளி வட்டாகவும் இருக்கலாம்

சுழலும் வன்வட்டில், வேண்டிய இடத்தைத் தேடி முனை நகர்வதற்கு ஏறத்தாழ 10 மில்லிநொடி ஆகும். 10,000 சிறு கோப்புகளை எடுக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை நகர்ந்தாலும், தேடுவதற்கு மட்டுமே 100 நொடி போய்விடும்! அதே அளவுள்ள ஒரே பெரிய கோப்பில் இந்தத் தாமதம் இல்லை. பழைய யுஎஸ்பி 2.0 வழியாகச் செருகிய வட்டிலும் நொடிக்கு 30, 40 மெகாபைட்டுக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

நெரிசலால் நின்ற இணையம்

மந்த வேகம் இன்று தோன்றிய நோயன்று. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜத் தொலைவில், நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாக விழுந்தது. வான் ஜேக்கப்சன் என்பவர் காரணத்தை ஆராய்ந்தார். பாதையில் நெரிசல் ஏற்பட்டதும் செய்திப் பொட்டலங்கள் தொலைந்தன. அனுப்பிய கணிப்பொறிகள் அவற்றை அவசர அவசரமாக மீண்டும் அனுப்பின. நெரிசல் மேலும் பெருகியது. பேருந்தின் படியில் எல்லாரும் முண்டியடித்தால் ஒருவரும் ஏற முடியாது அல்லவா? மெதுவாகத் தொடங்கு, வழி இருந்தால் வேகத்தைக் கூட்டு, பொட்டலம் தொலைந்தால் குறைத்துக்கொள் என்பது அவர் வகுத்த விதி. அதன் வழிவந்த விதிகளே இன்றும் நடைமுறையில் உள்ளன. அதனால்தான் பழுதான வடத்தில் சில பொட்டலங்கள் தொலைந்தாலே வேகம் பெரிதும் குறைகிறது.

நீங்களே கண்டுபிடியுங்கள்

1. ஒரு பெரிய கோப்பை நகலெடுத்து, அளவை நேரத்தால் வகுங்கள். மூன்று முறை செய்து சராசரி காணுங்கள்.

2. அதே மொத்த அளவுள்ள சிறு கோப்புகளை நகலெடுத்து ஒப்பிடுங்கள். இவை மட்டும் மிகவும் தாமதமானால், முதலில் வட்டைச் சந்தேகியுங்கள்.

3. 'ஐபெர்ஃப்' என்ற இலவச நிரல் வட்டைத் தொடாமல் பாதையின் வேகத்தை மட்டும் அளக்கும். அது நல்ல வேகம் காட்டினால் பாதை குற்றமற்றது.

4. வடத்தை மாற்றுங்கள், ரூட்டருக்கு அருகில் செல்லுங்கள். ஆனால் ஒரு தடவையில் ஒன்றை மட்டுமே மாற்றி அளந்து குறியுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும்.

ஓர் எச்சரிக்கை: வெளியிலிருந்து வரும் ஒளியிழையைக் கழற்றி அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. கண்ணுக்குத் தீங்கு செய்யலாம்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. 1000 மெகாபிட் இணைப்பில் 660 மெகாபைட் கோப்பு ஒன்று 60 நொடியில் நகலாகிறது. முதலில் எதைச் சோதிப்பீர்கள்? வகுத்துப் பாருங்கள், விடை மேலேயே இருக்கிறது.