புக்குக்கும் உண்டு அரியர்!

லேட்டாகும் லைப்ரரி புத்தகங்கள்... ஃபைன் போட்டால் திரும்பி வருமா?

செமஸ்டர் முடியுற சீஸன்ல காலேஜ்லயே கூட்டம் அள்ளுற இடம் எது? கேன்டீனா? நோ சான்ஸ்... லைப்ரரி கவுன்ட்டர்தான்! 'நோ டியூஸ்' ஃபார்ம்ல லைப்ரரியன் கையெழுத்து விழலைன்னா ஹால் டிக்கெட் கைக்கு வராது. முதல் மாசம் எடுத்த மேத்ஸ் புத்தகம் ஹாஸ்டல் ரூம்ல தலையணைக்குப் பதிலா டியூட்டி பார்த்துட்டு இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு ரூபாய்னு ஃபைன் ஏறிப் போயிருக்கும். 'கட்டித் தொலைப்போம்'னு கட்டிட்டு வந்துடுவோம். மேட்டர் ஓவர்!

நமக்கு ஓவர். ஆனா, இதே ஃபைனை ஒரு ஸ்கூல் லைப்ரரியில் போட்டா என்ன ஆகும்?

ஆறாம் வகுப்புப் பொண்ணு ஒரு கதைப் புத்தகம் எடுத்துட்டுப் போறான்னு வெச்சுக்குவோம். நடுவுல காய்ச்சல், அப்புறம் ஊர்த் திருவிழா. பத்து நாள் லேட். வீட்டுல காசு கேட்டா திட்டு விழும். கேட்காம ஸ்கூலுக்குப் போனா டீச்சர் கேட்பாங்க. அவ என்ன பண்ணுவா? லைப்ரரி பக்கமே போக மாட்டா. புத்தகம் டிரங்குப் பெட்டிக்கு அடியில் போயிடும். லைப்ரரிக்கு நஷ்டம் ரெண்டு. ஒரு புத்தகம், ஒரு வாசகி!

க்ரீச் சொன்ன பாடம்

'ஃபைன் இல்லேன்னா எவன் பாஸ் திருப்பிக் கொடுப்பான்?' நியாயமான கேள்விதான். இதுக்குப் பதில் லைப்ரரியில் இல்லை, க்ரீச்சில் இருக்கு.

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் யூரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிக்கினி என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். அது 2000-ல் வெளியானது. சாயங்காலம் குழந்தையைக் கூப்பிட லேட்டாக வரும் பெற்றோருக்குச் சில க்ரீச்களில் ஃபைன் போட்டுப் பார்த்தார்கள். லேட்டாக வருகிறவர்கள் குறைந்தார்களா? அதான் இல்லை, கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டார்கள்! அதுவரை, 'டீச்சர் காத்திருப்பாங்களே'ன்னு ஒரு கூச்சம் இருந்தது. ஃபைன் வந்ததும், 'அதான் காசு கட்டுறோமே'ன்னு ஆயிடுச்சு. இதில் இன்னொரு ட்விஸ்ட்... ஃபைனை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பி வரலை.

நம்ம கதையும் அதே கதைதான். காசு இருக்கிறவனுக்கு ஃபைன் என்பது வாடகை. இல்லாதவனுக்கு அது பூட்டு. புத்தகத்தைத் திரும்ப வர வைக்கிற வேலையை ரெண்டு பக்கமும் அது செய்யலை!

பூட்டைத் திறந்தவங்க

அமெரிக்காவில் இந்தப் பூட்டைத் திறந்து பார்த்திருக்காங்க. 2017-ல் சான் ஃப்ரான்சிஸ்கோ பொது நூலகம் ஆறு வாரம் 'மன்னிப்புக் காலம்' அறிவித்தது. எவ்வளவு லேட்டானாலும் ஃபைன் இல்லை. திரும்பி வந்தவற்றில் 60 நாளுக்கு மேல் பாக்கியாக இருந்தவை மட்டும் 12 ஆயிரத்துக்கும் அதிகம். அதில் ஒன்று 100 வருஷம் லேட்! அந்தப் புத்தகத்தின் பெயரே 'நாற்பது நிமிடம் தாமதம்' என்பதுதான் காமெடி.

2019 அக்டோபரில் சிகாகோ நகரம் லேட் ஃபைனை ரத்து செய்தது. அடுத்த மூன்று வாரத்தில் திரும்பி வரும் புத்தகங்கள் 240 சதவிகிதம் அதிகரித்தன. 2021 அக்டோபரில் நியூயார்க் நகரின் பொது நூலகங்களும் அதே வழியில் வந்தன. அதற்கு முன் அங்கே ஃபைன் பாக்கியால் கார்டு முடங்கிக் கிடந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர். அதற்காக எல்லாமே இலவசம் இல்லை. புத்தகத்தைத் தொலைச்சா விலையைக் கட்டணும். திருப்பிக் கொடுத்துட்டா எதுவும் வேண்டாம்.

நம்ம ஊர் பீரோ

நம்ம பள்ளிகள் பலவற்றில் பிரச்னை ஃபைன்கூட இல்லை, பீரோ! 'புத்தகம் தொலைஞ்சா ஸ்டாக் ரெஜிஸ்டருக்கு யார் பதில் சொல்றது?' என்ற பயத்தில் புத்தகங்கள் பூட்டிய பீரோவிலேயே இருக்கும். எதையும் வெளியே கொடுக்காத லைப்ரரியில் எதுவும் லேட்டாகாதுதான். ஆனா, அது லைப்ரரி இல்லை, குடோன்!

பயத்துக்கு மருந்து மத்திய அரசு ரூல் புக்கிலேயே இருக்கு. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ல் 215-வது விதி என்ன சொல்லுதுன்னா... ஒரு வருடத்தில் வாசகர் கைக்குப் போகும் ஒவ்வொரு 1,000 புத்தகத்துக்கும் 5 தொலைந்தால், அதை நியாயமான இழப்பாக எடுத்துக்கொள்ளலாம். அதில் மோசடியோ அலட்சியமோ இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அரிய புத்தகமோ, 1,000 ரூபாய்க்கு மேற்பட்டதோ என்றால் விசாரணை உண்டு. இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதிதான். ஆனாலும், படிக்கக் கொடுத்தா நாலு தொலையத்தான் செய்யும்னு அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறதே!

சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதியின் சாரமே, புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான் என்பது.

லேட் புக்கை மடக்க 5 ஐடியா!

* கெடு முடிஞ்ச பிறகு திட்டுறதைவிட, ரெண்டு நாள் முன்னாடி கிளாஸ் லீடர் கையில் ஒரு துண்டுச் சீட்டு. பிரேயரில் பெயர் வாசிச்சு மானத்தை வாங்குறது வேண்டவே வேண்டாம்.

* வேற யாரும் கேட்காத புத்தகமா? தானாகவே ரெனியூவல்.

* யாராவது காத்திருந்தா அதைச் சொல்லுங்க. 'ஃபைன் கட்டணும்'கிறதைவிட, 'ஏழாம் கிளாஸ்ல ஒருத்தன் இந்தக் கதைக்காக வெயிட்டிங்'னு சொன்னா மனசைத் தொடும்.

* நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். வராண்டாவில் ஒரு பெட்டி வைங்க. யார் வேணும்னாலும் பழைய புத்தகத்தைப் போடலாம். நோ கேள்வி!

* தொலைஞ்சே போச்சா? வேற ஒரு புத்தகம் கொடுக்கலாம். அதுவும் முடியாதவங்க கிழிஞ்ச புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொடுக்கலாம்.

இதில் நமக்கும் வேலை இருக்கு ஃப்ரெண்ட்ஸ். என்.எஸ்.எஸ். கேம்ப் போற ஊர்ல ஒரு ஸ்கூல் லைப்ரரியைக் கேட்டு வாங்கிக்கோங்க. 500 புத்தகத்தை எக்ஸெல்லில் ஏத்தி, கெடு தேதி வர்றப்ப ஞாபகப்படுத்துற மாதிரி செட் பண்ண ஒரு வீக் எண்ட் போதும். பெரிய லைப்ரரின்னா 'கோஹா'ன்னு ஓர் இலவச சாஃப்ட்வேரே இருக்கு.

அப்புறம், இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அலமாரியைக் கொஞ்சம் குடைஞ்சு பாருங்க. பழைய ஸ்கூல் சீல் குத்தின புத்தகம் ஏதாவது சிக்குதா? கூச்சப்படாதீங்க. கேம்பிரிட்ஜின் சிட்னி சஸெக்ஸ் கல்லூரியில் 1667-68 வாக்கில் கர்னல் ராபர்ட் வால்போல் எடுத்த ஒரு புத்தகம் 288 வருஷம் கழிச்சுத் திரும்பி வந்துச்சு. அதுக்கே ஃபைன் கேட்கலை!

கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க. அரியரை க்ளியர் பண்றது நமக்கென்ன புதுசா?