இறக்கம் எவ்வளவு என்று கேளுங்கள்
வயதும் வழியும் – 6

கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியோரத்தில் 220 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது தியலும நீர்வீழ்ச்சி. அதன் தலைமாட்டில் பாறைகளுக்கு நடுவே தடாகங்கள் இருக்கின்றன. எல்லவுக்கும் அப்புத்தளைக்கும் வரும் பயணிகளை அங்கே அழைத்துப் போவது இப்போது பெரிய தொழில். முகவர்கள் இப்படிப்பட்ட நடைகளை இலகு, மிதம், கடினம் என்று மூன்று சொற்களில் அடக்கிவிடுகிறார்கள். முப்பது வயதுக்காரருக்கு அது போதும். அறுபத்தைந்தைக் கடந்தவருக்கு அந்தச் சொற்களால் ஒரு பயனும் இல்லை.

பூனாகலைப் பக்கத்திலிருந்து தடாகங்களுக்குப் போகும் வழியையே எடுத்துக்கொள்வோம். மேல் வீதி வரை ஆட்டோ போகும். அதன்பின் மானாப்புல் சரிவில் இறக்கம். இறங்கும்போது தெம்பாகத்தான் இருக்கும். ஆனால் திரும்பி வரும்போது அதே சரிவில், உச்சி வெயிலில், களைத்த கால்களோடு ஏறியாக வேண்டும். மொத்தத் தூரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு புறப்பட்டவருக்கு இது அங்கே போன பிறகுதான் தெரியவரும்.

ஊவா மலைகளில் உயரத்தை எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை. உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தொடங்கும். தம்பேதன்னைக்கு மேலே உள்ள லிப்டன் சீட் கூட 2,000 மீட்டரைத் தொடவில்லை. இங்கே சோதனை முழங்காலுக்குத்தான். ஏறும்போது மூச்சு வாங்கினால் நிற்கலாம், சற்று நேரத்தில் தெளிந்துவிடும். இறங்கும்போதோ ஒவ்வோர் அடியிலும் உடலின் பாரத்தைத் தொடைத் தசை இழுபட்டபடியே தாங்குகிறது. அந்த வலி அன்று தெரியாது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். முதல்நாள் எல்லப் பாறை, மறுநாள் லிப்டன் சீட், மூன்றாம் நாள் தியலும என்று நிரல் போட்டால், வழுக்கும் பாறையில் கால் வைக்கும் நாளில்தான் கால் மிகவும் தளர்ந்திருக்கும். தனித்தனியே மூன்றும் முடிகிறவருக்கு மூன்றும் சேர்ந்து முடியாமல் போகலாம்.

நேரத்தைக் கணக்கிட ஒரு பழைய விதி உண்டு. ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 10 கிலோமீட்டர் நடையில் 600 மீட்டர் ஏற்றம் இருந்தால் மூன்று மணி நேரம். இது திடமான உடலுக்கான கணக்கு. முதியவர்கள் அதில் பாதியையாவது கூட்டிக்கொள்ள வேண்டும், ஓய்வு நேரம் தனி. முகவர் சொல்லும் நேரம் இதைவிடக் குறைவாக இருந்தால், அந்த நடை உங்களை மனதில் வைத்துப் போடப்பட்டதல்ல.

நேரம் தாராளமாக இருந்தால் என்ன முடியும் என்பதற்குச் சிவனொளிபாதமலை உதாரணம். அதன் உயரம் 2,243 மீட்டர். நல்லதண்ணிப் பக்கமாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். எழுபதைக் கடந்தவர்களும் அதில் ஏறி இறங்குகிறார்கள். அவர்களை யாரும் அவசரப்படுத்துவதில்லை. நினைத்த இடத்தில் உட்காரலாம், தேநீர் குடிக்கலாம், கைபிடியைப் பற்றிக்கொள்ளலாம், பாதியில் திரும்பலாம். குழுச் சுற்றுலாவில் இல்லாமல் போவது இந்த உரிமைதான். பல நேரம் முதியவரை வீழ்த்துவது மலையல்ல, வேன் புறப்படும் நேரம்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் ஊவாவின் சரிவுகள் நீரில் ஊறிக் கிடக்கும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தின் லயங்களை மண்சரிவு மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் பாதுகாப்பான இடத்தில் குடியமர்த்தப்படவில்லை. ஒரு சரிவைப் பற்றிய உண்மை, அதில் கால் வைத்து நிற்பவருக்கு உரிய நேரத்தில் பயன்பட வேண்டும். அந்தக் கடமையின் அருமையை இந்த மண் பெரும் விலை கொடுத்து உணர்ந்திருக்கிறது. அதே நிறுவனம் இன்றும் மாவட்ட வாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் பயணிகளை மலைக்குக் கூட்டிப்போகும் முகவரை நம்பக் கூடாது.

உங்கள் பக்கமும் ஒரு சோதனை இருக்கிறது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயது வரை, ஆண்களுக்கு 12க்கும் பெண்களுக்கு 11க்கும் குறைந்தால் கால் பலம் போதாது. அப்படியானால் முதலில் வைத்தியரைப் பாருங்கள். பின்னர் சில வாரம் படியேறி இறங்கிப் பழகுங்கள். பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் வெயிலில் நீண்ட நேரம் நடப்பது பற்றியும் அவரிடம் கேட்க வேண்டும்.

வழிகாட்டிகளில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். எந்தக் குறுக்குப் பாதை வழுக்கும், எந்தக் கானைத் தாண்டக் கால் எட்டாது என்பது அவர்களுக்குத் தெரியும். "ஏலுமாங்கய்யா?" என்று அவர்கள் கேட்கும்போது, வெட்கப்பட்டு "ஏலும் தம்பி" என்று சொல்லிவிடாதீர்கள். ஏலாது என்றால் ஏலாது என்றே சொல்லுங்கள். அவர்கள் திருப்பி அழைத்துப் போனாலும் முழுக் கூலி கொடுங்கள். கூலி குறையும் என்ற பயம் இல்லாத வழிகாட்டிதான் உண்மையைச் சொல்வார்.

சுற்றுலா விற்பவர்களிடம் கேட்பது நான்கு எண்கள்தான்: மொத்த ஏற்றம், மொத்த இறக்கம், குழுவில் மெதுவாக நடப்பவருக்கு ஆகும் நேரம், வழியின் நடுவிலிருந்து வாகனம் வரும் வீதிக்கு உள்ள தூரம். இவற்றை விலைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும், தமிழிலும் அச்சிட வேண்டும். முதியவர்களை வரவேண்டாம் என்று தடுப்பது மரியாதை அல்ல. முழு விவரத்தையும் கொடுத்து, முடிவை அவர்களிடம் விடுவதே மரியாதை.

(தொடரும்)