தொப்பியைத் தூக்கிய பாதிரியாரும், மகளை வாழ்த்திய அப்பாவும்

தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்களை வெள்ளையர்கள் மனுஷராகவே மதிக்காத காலம். வீட்டு வேலை செய்து பிழைத்த ஒரு கறுப்பினத் தாய், தன் மகனோடு நின்றிருந்தாள். அந்தப் பக்கமாக வந்த வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர், அவளைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்துவிட்டுப் போனார். பையனுக்கு ஒரே ஆச்சரியம். நம் அம்மாவுக்கா இந்த மரியாதை!

அந்தப் பாதிரியார் டிரெவர் ஹடில்ஸ்டன். பையன்தான் 1984-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற டெஸ்மண்ட் டூட்டு. பின்னாளில் தன் ஒரே மகனுக்கு டிரெவர் என்றே பெயர் வைத்தார் என்றால், அந்த ஒரு நிமிஷ மரியாதை மனசில் எப்படிப் பதிந்திருக்க வேண்டும், பாருங்கள்!

பள்ளி ஆசிரியராக இருந்து பாதிரியாரான டூட்டு, 1986-ல் கேப் டவுனில் ஆங்கிலிக்கன் சபையின் தலைமை பிஷப் ஆனார். (நம் ஊர் சி.எஸ்.ஐ. சபைக்கும் இது உறவுச் சபைதான்.) நிறவெறி ஆட்சி ஒழிந்ததும் 'அப்பாடா' என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. ஆணை விரும்பும் ஆணையும், பெண்ணை விரும்பும் பெண்ணையும் ஒதுக்கி வைப்பதும் அதே மாதிரி அநியாயம்தான் என்றார். தோலின் நிறத்தை யாரும் கேட்டு வாங்கிக்கொண்டு பிறப்பதில்லை. இதுவும் அப்படித்தான் என்பது அவர் வாதம். இவர்களை வெறுக்கிற சொர்க்கம் எனக்கு வேண்டாம், அந்த இன்னொரு இடத்துக்கே போய்விடுகிறேன் என்று 2013-ல் துணிந்து சொன்னார்.

"ஊருக்கு உபதேசம் சுலபம். தன் வீட்டில் நடந்தால் தெரியும்!" என்கிறீர்களா? நடந்ததே!

அவருடைய கடைசி மகள் ம்போவும் பாதிரியார்தான். கல்யாணமாகி விவாகரத்தானவர், இரண்டு பெண்களுக்குத் தாய். 2015 கடைசியில் நெதர்லாந்தில், மார்செலின் வான் ஃபர்த் என்ற பெண் மருத்துவப் பேராசிரியரை மணந்துகொண்டார்.

தென்னாப்பிரிக்கச் சட்டம் 2006 முதலே இத்தகைய திருமணத்தை அனுமதிக்கிறது. ஆனால் சபை விதிப்படி கல்யாணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும்தான். ஆகவே 2016-ல் ம்போ, அங்கே பாதிரியாராகப் பணி செய்யும் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்பா தலைமை தாங்கிய அதே சபையில்!

அப்பா என்ன செய்தார்? பிஷப்பாக இல்லாமல், பெற்ற தகப்பனாக நின்று மகளை வாழ்த்தினார். சபையையும் விடவில்லை, மகளையும் விடவில்லை.

2021 டிசம்பர் 26-ல், தொண்ணூறு வயதில் டூட்டு காலமானார். மறு வருஷம் இங்கிலாந்தில் ம்போவின் ஞானத்தகப்பன் இறந்தபோது, அடக்க ஆராதனையைக் கோயிலில் நடத்த ம்போவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. குடும்பத்தார் வெளியே பந்தல் போட்டு அவரையே நடத்தச் சொன்னார்கள்.

எனக்கும் முதலில் இது சட்டென்று ஜீரணமாகவில்லைதான். நம்மில் பலருக்கும் ஆகாது. ஆனால் ஒன்று தோன்றுகிறது. நம் பிள்ளை என்றைக்காவது தயங்கித் தயங்கி, "அம்மா, உன்கிட்டே ஒண்ணு சொல்லணும்" என்று வந்து நின்றால், ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், "உட்காரு, சொல்லு" என்றாவது சொல்லலாமே! தொப்பியைத் தூக்க எத்தனை நேரமாகிறது? அந்தப் பிள்ளையோ ஆயுசுக்கும் மறக்காது.