தறிக்காரர் வீட்டுப் பாஸ்போர்ட்

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியில் பட்டு நெசவை ஜீவனமாகக் கொண்ட ஒரு குடும்பத்திலிருந்து, சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கும் மகனைக் கண்டு வரவோ, வளைகுடா நாட்டில் வேலை செய்யவோ, பிராங்க்பர்ட் நகரில் ஆண்டுதோறும் ஜனவரியில் கூடும் ஹெய்ம்டெக்ஸ்டில் துணிக் கண்காட்சியைப் பார்க்கவோ ஒருவர் புறப்பட எண்ணினால், விமானச் சீட்டு வாங்குவதற்கு வெகுநாள் முன்னதாகவே அவர் கவனிக்க வேண்டியது விசா.

வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தில் அடங்கியதே என்று நமது உச்ச நீதிமன்றம் 1967-இல் சத்வந்த் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் பாஸ்போர்ட் சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் அவ்வுரிமை நம் தேசத்தை விட்டுப் புறப்படுவதற்கு மட்டுமே உரியது. அயல்தேசத்தில் கால் வைப்பதற்கு அந்நாட்டு அரசாங்கத்தின் சம்மதம் வேண்டும், அதுவும் இன்ன காரியத்துக்கு, இத்தனை நாளைக்கு என்ற வரையறையோடுதான் கிடைக்கும்.

தமிழருக்கு முதல் இடையூறு பெயரிலேயே நேர்கிறது. தந்தையின் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னே வைத்துக்கொள்ளும் நம் வழக்கம் அழகானதே. எனினும் பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலை விரித்து எழுத வேண்டியிருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும், வங்கிக் கணக்கில் மூன்றாவது விதமாகவும் பெயர் இருந்தால், விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரிக்குச் சந்தேகம் எழுவது சகஜம். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்து, பின்னர் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது. ஆகையால் பெயர்த் திருத்தத்தை முதலில் முடித்துவிட வேண்டும். பல நாடுகள் வற்புறுத்துவதால், பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வருமானத்துக்கு அத்தாட்சி. என் அபிப்பிராயத்தில் நெசவாளருக்கு மிகவும் கடினமானது இதுதான். முதலாளியிடம் பாவும் ஜரிகையும் வாங்கி, வீட்டுத் தறியில் சேலை நெய்து கொடுத்து, முன்பணத்தில் கழித்தது போக மீதிக் கூலியை ரொக்கமாகப் பெறுகிறவர், எவ்வளவுதான் யோக்கியராக இருந்தாலும், அந்த உழைப்பு வங்கிப் புத்தகத்தில் ஏறாதவரை தூதரகத்தின் கண்ணுக்குத் தெரியாது. விண்ணப்பிக்கும் சமயத்தில் கடன் வாங்கிப் பெருந்தொகையைக் கணக்கில் போடுவது விபரீதமாகவே முடியும். கூலியைப் பல மாதங்களாகக் கணக்கின் வழியே வாங்கியிருப்பதும், கூட்டுறவுச் சங்க உறுப்பினர் என்பதற்கும் சொந்த வீட்டுக்கும் உரிய தஸ்தாவேஜுகளுமே, இவர் ஊர் திரும்புவார் என்ற நம்பிக்கையைத் தரும். பிராங்க்பர்ட் செல்பவர் ஷெங்கன் விசாவுக்குப் பிரயாணத்துக்கு முன் ஆறு மாதத்துக்கு மேற்படாமலும் பதினைந்து நாளுக்குக் குறையாமலும் விண்ணப்பித்து, 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டையும் காட்ட வேண்டும். 180 நாளில் 90 நாளுக்கு மேல் அங்கே தங்க இயலாது.

வேலைக்குப் போகிறவர்கள் விஷயத்தில்தான் மனம் பதறுகிறது. சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு தரகர் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சுற்றுலா விசாவில் உழைப்பவர் சட்டத்தின் பாதுகாப்பை இழந்தவர். பத்தாம் வகுப்புத் தேறாத தொழிலாளி சவூதி அரேபியா, குவைத், மலேசியா முதலிய 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும்; அவ்வனுமதியோடு 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் சேர்கிறது. அரசிடம் பதிவு பெற்ற முகவர்தானா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். அவர் பெறக்கூடிய கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாய்தான். அதற்கு மேல் கேட்பவரிடம் தறியை அடகு வைத்துப் பணம் கொடுக்க வேண்டாம். சம்பளம் எழுதிய ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றையும், விசாவின் பிரதி ஒன்றையும் வீட்டாரிடம் கொடுத்துவிட்டே விமானம் ஏற வேண்டும்.