பந்தை முட்டும் பிஞ்சுத் தலைகள்

குழித்துறையிலிருந்து தென்மேற்கே கடலை நோக்கிப் போனால் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று கால்பந்து ஊர்களாகவே வரும். இந்திய அணிக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் இக்கரையைச் சேர்ந்தவர். எங்கள் பக்கத்து மைதானங்களில் எட்டு வயதுச் சிறுவன் உயரப் பந்தைத் தலையால் முட்டினால் கைதட்டல் எழும். அந்தக் கைதட்டல் குறித்தே எனக்குத் தயக்கம்.

1999 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் சீனாவுக்கு எதிரான கடைசி பெனால்டியை அடித்து அமெரிக்க மகளிர் அணியை வெல்லவைத்தவர் பிராண்டி சாஸ்டெய்ன். ஓய்வுக்குப் பின், 14 வயதுக்கு உட்பட்டோர் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்ற இயக்கத்தில் இறங்கினார். அவருடன் நின்ற சிண்டி பார்லோ, மூளை அதிர்ச்சியின் பின்விளைவுகளாலேயே ஆட்டத்தை விட்டவர். 2015-இல் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு, 10 வயது வரையிலான சிறாருக்கு அதைத் தடைசெய்தது. மறுஆண்டு சாஸ்டெய்ன், தம் மறைவுக்குப் பின் மூளையை ஆய்வுக்குத் தருவதாக அறிவித்தார். கண்தானம் பழகிவிட்ட நமக்கும் இது விசித்திரமாகப் படலாம். ஆனால், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடைய சி.டி.இ. என்னும் மூளைச் சிதைவை, இறந்தவரின் மூளைத் திசுவைச் சோதித்தே இன்றும் உறுதிசெய்ய முடிகிறது.

மூளை அதிர்ச்சி என்பது மண்டையோட்டு முறிவு அன்று. தலை சட்டென்று குலுங்கும்போது உள்ளே மூளையும் குலுங்கி, நரம்பணுக்களின் வேலை குலைகிறது. வழக்கமான ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. மயக்கம் வர வேண்டும் என்பதும் இல்லை. தலைவலி, தள்ளாட்டம், கேட்டதையே திரும்பக் கேட்பது ஆகியவையே அடையாளங்கள். அது ஆறுமுன் இன்னோர் அடி விழுந்தால், அரிதாக, உயிருக்கே ஆபத்து. ‘தண்ணீர் தெளித்து இறக்கிவிடு' என்று எல்லைக்கோட்டில் கேட்கும் குரல் எனக்கு அச்சமூட்டுவது இதனால்தான்.

பெரிய மோதல்கள் மட்டுமே கேடு என்பதற்கில்லை. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்களை ஆராய்ந்த கிளாஸ்கோ பல்கலைக்கழகம், நரம்புச் சிதைவு நோய்களால் அவர்கள் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என 2019-இல் கண்டது. பந்தை அதிகம் முட்டும் தடுப்பாட்டக்காரர்களுக்கே இந்நோய்களின் ஆபத்து மிகுதி. கோல்கீப்பர்களுக்கோ ஏறத்தாழப் பொதுமக்கள் அளவுதான். முட்டுவதே காரணம் என்று இது நிறுவிவிடவில்லை. சிறுவர்களைக் காக்க அந்தச் சந்தேகமே போதும் என்பது என் கருத்து.

மூளை அதிர்ச்சி ஏற்பட்டவருக்குப் பதிலாகக் கூடுதல் மாற்று வீரரை இறக்கும் ஏற்பாடு, போட்டி நடத்துவோர் விரும்பினால் கடைப்பிடிக்கலாம் என்று 2024 ஜூலை முதல் கால்பந்து விதிகளில் சேர்ந்திருக்கிறது. ஆளைக் குறைத்து ஆட வேண்டுமே என்ற கவலை பயிற்சியாளருக்கு இராது. நம் ஊர்க் கோப்பைகளை நடத்தும் மன்றங்கள், இந்த ஆண்டு விதித்தாளிலேயே அந்த ஒரு வரியைச் சேர்க்கலாம்.